மரத்துப்போகும் ஊசி

கையெலும்பு முறிந்த மகளைத் தூக்கிக்கொண்டு சகாயராணி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நர்ஸ் வலியை அளக்கும் மெஷினான வலிமானியில் முதலில் அவர்களுடைய முகவரியைத்தான் தட்டினாள்.

"குப்பமா? மரத்துப்போற ஊசி கிடையாதும்மா. உங்க ஆளுங்களுக்கு வலி கம்மின்னு காட்டுது."

"புள்ளைக்கு எட்டு வயசுதான் சிஸ்டர். நெசமாவே வலிக்குது."

"எல்லாரும் அதான் சொல்றீங்க. கத்தினா நடிப்புன்னு பதிஞ்சிடும். அப்புறம் கட்டுகூடப் போடாம அனுப்பிடுவாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நர்ஸ் நல்லவள்தான். சகாயராணி மகளின் காதருகே குனிந்தாள்.

"ஜெனிட்டா, கத்தாதடி என் தங்கம். அம்மா கையைக் கடிச்சுக்கோ."

டாக்டர் எலும்பை இழுத்து நேராக்கினார். அறையில் ஒரு சத்தமும் எழவில்லை. கட்டுப் போட்டு முடிந்ததும் நர்ஸ் சிறுமியின் கன்னத்தைத் தட்டி ஒரு மிட்டாய் கொடுத்தாள்.

"சமத்து. பாத்தியாம்மா, மெஷின் பொய் சொல்லாது."

பிறகுதான் தாயின் கையிலிருந்து ரத்தம் சொட்டுவதைக் கவனித்தாள். பல் பதிந்த இடத்தில் சதை பிய்ந்து தொங்கியது.

"அய்யய்யோ, இதுக்குத் தையல் போடணுமே!" என்றவள், சகாயராணியின் முகத்தை வியப்போடு பார்த்தாள். "நீயும் ஒரு சத்தம் போடலையே!"

அதையும் வலிமானியில் பதிந்துவிட்டு, ஊசியில் நூலைக் கோத்தாள்.