தோளுக்கு ஓர் ஒத்திகை

கணவனின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனைவி டாக்டராக உட்கார்ந்திருக்கிறாள். எதிரே, கப்பலில் கயிறு அறுந்து அடித்ததில் தோள் போன மாலுமி, அவள் கணவன். தோள் ஆறிவிட்டது, இழப்பீடு கிடையாது என்கிறது கம்பெனி. வழக்குக்காக நாளை ஒரு நிஜ டாக்டர் அவனைப் பரிசோதிக்கிறார். அதற்குத்தான் இந்த ஒத்திகை. கடல் வேலையில் ஒரு சங்கதி உண்டு: உடல் பரிசோதனையில் தேறினால்தான் அடுத்த பயணம். அதனால் வலியில்லை என்றே சொல்லிப் பழகிய வாய் அவனுடையது. “கையத் தூக்குங்க.” சன்னல் வெயிலில் கை அங்குலம் அங்குலமாகக் காதுவரை ஏறுகிறது, நெற்றியில் வியர்வை, உதட்டில் சிரிப்பு. “வலிக்குதா?” “சேச்சே!” “கம்பெனிக்காகப் பேசுறதுல அவங்க வக்கீலே உங்ககிட்ட தோத்தாரு போங்க. உண்மையச் சொல்லுங்க.” சிரிப்பு மெல்ல வடிகிறது. “வலிக்குது. படுத்தா தூங்க முடியல.” இதை இதுவரை அவளிடம்கூட அவன் சொன்னதில்லை. டாக்டருக்கு அடுத்த கேள்வி மறந்துபோகிறது. “எங்கங்க?” என்று எழுந்து வந்து, அந்தத் தோளில் பட்டும் படாமலும் கை வைக்கிறாள்.