கால் மணி நேரம்

பன்னிரண்டாவது பாட்டிலுக்கு ஃப்ரிட்ஜில் இடமில்லை.

மற்ற பதினொன்றையும் காலையிலேயே அடுக்கிவிட்டேன். எல்லாம் அக்கம்பக்கத்து நாடுகளின் வெள்ளை ஒயின்கள். எங்கள் ஊரில் யாரும் கேட்டு வாங்கிக் குடித்ததில்லை. பெயரைப் படிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

அடுத்த மாதத்திலிருந்து ஓட்டலில் இப்படிப்பட்டவற்றைத்தான் கொடுப்பது என்று முதலாளியம்மா முடிவு செய்திருந்தார். பன்னிரண்டைக் குடித்துப் பார்த்து மூன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வந்து சேர்ந்ததோ பதினொன்று.

எண்ணிக்கையை நிரப்ப, என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடந்த ஒன்றை எடுத்து வந்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் தங்கையின் கணவர் தன் தோட்டத்துத் திராட்சையில் செய்தது. சுற்றிய காகிதம்கூடப் பிரிக்காமல் ஐந்து வருஷமாகப் பழைய செருப்புகளோடு கிடந்தது. புளித்துப்போயிருக்கும், கடைசியில் சிரிப்பதற்கு ஒன்று வேண்டுமே என்று நினைத்தேன்.

காகிதத்தைக் கிழித்து மேஜைக்கடியில் போட்டுவிட்டு, குளிர வைக்காமலே கார்க்கைத் திறந்தேன்.

ஒயின் ருசி பார்க்கும் எங்கள் வேலையில் விழுங்கக் கூடாது. வாயில் வைத்து, சுழற்றி, பக்கத்து வாளியில் துப்பிவிட வேண்டும். பதினொன்றையும் துப்பினோம்.

பன்னிரண்டாவதை முதலாளியம்மா விழுங்கிவிட்டார்.

நானும் விழுங்கினேன். முதலில் பழுத்த பேரிக்காய் வாசனை. பிறகு மெல்லிய புளிப்பு. எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது பாதாம் தோல் போல ஒரு கசப்பு வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒன்றை நான் குடித்ததில்லை.

“இதை ஏன் இத்தனை நாளா கண்ணுலயே காட்டல?” என்றார் முதலாளியம்மா.

காட்டியிருந்தேன். அவர் மறந்துவிட்டார்.

ஐந்து வருஷத்துக்கு முன்பு இதே மேஜையில்தான். மாப்பிள்ளை இரண்டு பாட்டில் ஒதுக்கினார். ஒன்று எனக்கு, முன்கூட்டியே குடித்துப் பார்க்க. காகிதம் சுற்றி ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட்டார். இன்னொன்று முதலாளியம்மாவுக்கு, அதைத் தானே மடியில் வைத்துக்கொண்டு ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்தார். எங்கள் ஓட்டல் வாங்கினால் தோட்டம் பிழைக்கும். வாங்காவிட்டால் வேறு வழியில்லை. இது எனக்கும் தெரியும்.

அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் தங்கை போன் செய்தாள். “நிஜமாவே குடிச்சுப் பார்த்தியாண்ணா?” என்று கேட்டாள். பார்த்தேன், பிரமாதம் என்றேன்.

பார்க்கவில்லை. அந்த நாட்டில் யார் ஒயின் செய்கிறார்கள், செய்தாலும் யார் குடிக்கிறார்கள் என்ற இளக்காரம். குடித்துப் பார்த்துவிட்டு நன்றாக இல்லை என்று தங்கையிடம் சொல்ல நேருமே என்ற பயமும்தான்.

ஆனால் மாப்பிள்ளையைக் காப்பாற்ற நினைத்தேன். அது சத்தியம். சுமாரான வெள்ளை ஒயினைச் சமாளிக்க எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஒரு வழி தெரியும். உறைகிற அளவுக்குக் குளிர வைத்துவிட்டால் குறை எதுவும் நாக்குக்கு எட்டாது. அவர் கொண்டுவந்த பாட்டிலை வாங்கி, ஐஸ் வாளிக்குள் கழுத்துவரை புதைத்து, குளிர் இன்னும் ஏற ஐஸ் மேல் ஒரு கைப்பிடி உப்பும் போட்டேன். ஒன்றரை மணி நேரம்.

குறை எட்டவில்லை. நிறையும் எட்டவில்லை. தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா எழுந்து போனார்.

ஐஸிலிருந்து பாட்டிலை நான் உருவி எடுத்தபோது மாப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தார். பாவம், பதற்றம் என்று நினைத்தேன்.

அடுத்த வசந்தத்தில் கொடிகளை வேரோடு பிடுங்கிவிட்டு ஆப்பிள் நட்டார். என் மகள் கல்யாணத்துக்குத் தங்கை மட்டும் வந்தாள். அவருக்குக் கால்வலி என்றாள். தோற்றுப்போன கூச்சம் போகவில்லை, அதனால்தான் முகம் காட்டவில்லை என்று என் மனைவியிடம் பெரிய மனுஷன் மாதிரி விளக்கம் சொன்னேன்.

முதலாளியம்மா இன்னும் இரண்டு வாய் குடித்துவிட்டு, முதல் இடம் இதற்குத்தான், செய்தவருக்கு இப்போதே போன் செய்யுங்கள் என்றார். திராட்சைத் தோட்டமே இப்போது இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நம்பர் சுற்றியிருந்த காகிதத்தில் இருக்கும், தேடிச் சொல்கிறேன் என்று மழுப்பினேன். அவர் போனதும் மேஜைக்கடியில் குனிந்து, கிழித்த காகிதத்தைப் பொறுக்கினேன்.

உள்பக்கம் எழுதியிருந்தது. பென்சிலில், மாப்பிள்ளையின் உருண்டை எழுத்து.

‘மச்சான், ஐஸ்ல வைக்கவே வைக்காதீங்க, செத்துடும். பச்சைத் தண்ணீர்ல கால் மணி நேரம் போதும். குடிச்சுப் பார்த்தா உங்களுக்கே புரியும்.’

இரண்டு துண்டுகளையும் சேர்த்துவைத்து மறுபடி படித்தேன்.

நான் குடித்துப் பார்த்தேன் என்று தங்கை அவரிடம் சொல்லியிருப்பாள். அப்படியென்றால் பிரித்திருப்பேன், படித்திருப்பேன். படித்துவிட்டும், அவர் கண் முன்னாலேயே ஐஸில் புதைத்து உப்பும் போட்டிருக்கிறேன்.

அந்தப் பார்வை பதற்றம் இல்லை.

போனை எடுத்தேன். வேண்டுமென்றே செய்யவில்லை என்று சொல்லலாம். அதைச் சொல்ல, திறந்துகூடப் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். இரண்டில் எது அவருக்கு அதிகம் வலிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கைதான் எடுத்தாள். மாப்பிள்ளையிடம் கொடு என்றேன். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறேன். அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

“சொல்லுங்க சார்” என்றார்.