இடது மட்கார்டு

தேசிகனைப் பார்த்தால் ஓர் உயிரை அடித்துப் போட்டுவிட்டுப் போனவர் என்று யாராவது சொல்வார்களா? நெற்றி நிறையத் திருமண், கையில் லட்டுப் பை. திருப்பதியிலிருந்து சித்தூர் பட்டறைக்கு வரும்போதெல்லாம் கார்த் தகடு தட்டும் டிங்கர் லோகேஸ்வரனுக்கு ஒரு லட்டு உண்டு.

அவருக்காகத்தான் இன்று லோகேஸ்வரன் இரும்புக் கம்பியோடு காத்திருந்தான்.

எல்லாம் அவருடைய பழைய அம்பாசடரால் வந்தது. பழைய பெயிண்டை அடியோடு சுரண்டிப் புதுசாக அடிக்க வேண்டும், என்ஜினைச் சுற்றி ஓர் ஒயர்கூட வெளியே தெரியக்கூடாது என்று சொல்லி வண்டியை விட்டுப் போயிருந்தார். கதவைச் சுரண்டினால், கிரீம் கலருக்கு அடியில் மாந்தளிர் கலர். யாரோ ஆசைப்பட்டுத் தனியாகக் கலக்கச் சொல்லி அடித்த கலர்.

லோகேஸ்வரன் சுரண்டியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தான்.

அதே கலரில் வெற்றிலை அளவுத் தகட்டுத் துண்டு ஒன்று பட்டறை ஆணியில் தொங்குகிறது. தங்கை பிரேமலதாவின் புருஷன் அருள்குமாரைப் பாகாலா ரோட்டில் சைக்கிளோடு அடித்துவிட்டு நிற்காமல் போன வண்டியின் துண்டு. முள்ளுக்குள்ளிருந்து லோகேஸ்வரன்தான் பொறுக்கி வந்தான். அன்றிலிருந்து ரோட்டில் போகிற ஒரு காரையும் அவன் கண் விட்டதில்லை. அந்தக் கலர் மட்டும் அகப்படவேயில்லை, பாவம்.

இடது மட்கார்டை உரித்தான். ஓரம் கிழிந்து, ஒட்டுப் போட்டிருந்தது. துண்டை ஒட்டின் மேல் வைத்து, சுத்தியலில் நசுங்கி நுனி போன கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். அச்சாகப் பொருந்தியது. உடனே பிரேமலதாவுக்குப் போன் போட்டு வரச் சொன்னான்.

தேசிகன் வந்ததும் கம்பியை ஓங்கிவிட்டான். மனுஷர் வெலவெலத்துப் போனார். வேலூர் புரோக்கரிடம் வாங்கியது, வாங்கும்போதே கிரீம் கலர்தான் என்று பெருமாள் மேல் சத்தியம் பண்ணி, அன்று எடுத்த படத்தைப் போனில் காட்டினார். அருள்குமார் செத்துப்போன மறு வருஷத்துப் படம்.

பிரேமலதா வந்து சேர்ந்தபோது கம்பி இறங்கியிருந்தது, கோபம் இறங்கவில்லை.

"அட்ச்சவன் பயத்துல ஓடிட்டான். இத்தத் தட்டி மறைச்சுக் குடுத்தான் பாரு ஒருத்தன், அவன் கை வெளங்காது. ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே மாட்டியிருப்பான்."

"அதெல்லாம் பட்டறையில யாருப்பா கேப்பா?" என்றார் தேசிகன்.

வாஸ்தவம்தான். அடி எப்படிப் பட்டதென்று கேட்டால் வந்தவர் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார்.

"தட்டிக் குடுத்தவன் எவன்னு கண்டுபுடிக்க முடியாதாண்ணா?" பிரேமலதா கேட்டாள்.

ஏன் முடியாது? வேலை முடிந்ததும் திருஷ்டிக்காகத் தகட்டின் உள்பக்கம் சிவப்பு பிரைமர் பெயிண்டில் கட்டைவிரல் ரேகை வைப்பது அந்தப் பக்கத்து டிங்கர்கள் வழக்கம். லோகேஸ்வரன் போல்ட்டைக் கழற்றி மட்கார்டைத் திருப்பிப் போட்டான். பிரேமலதா மண்ணெண்ணெய்த் துணியால் சேற்றைத் துடைத்தாள்.

சிவப்பாக ஒரு விரல் தெரிந்தது. அதற்கு நுனி இல்லை.

அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. அன்று வண்டி வரவில்லை. எவனோ ஒருத்தன் ஆட்டோவில் ஒரு மட்கார்டை மட்டும், பெயிண்டைச் சுரண்டி வெறும் தகடாகக் கொண்டு வந்தான். அருள்குமாரின் காரியம் முடிந்த வாரம். ஆணியில் தொங்கிய துண்டுக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் லோகேஸ்வரன் அதைத் தட்டி, ஒட்டுப் போட்டுக் கொடுத்தான்.

பிரேமலதா தகட்டைப் பார்த்தாள். அண்ணன் கையைப் பார்த்தாள்.

"நீயும் ஒரு வார்த்தை கேக்கலியாண்ணா?"