ஷ்ரேயஸின் இருமல்

எங்கள் புற்றுநோய் வார்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மொட்டைத் தலை, முகக்கவசம். அதனால் தாய்மார்களான நாங்கள் இருமலை வைத்துத்தான் யார் பிள்ளை என்று சொல்வோம். வத்ஸலா அக்காவின் மகன் ஷ்ரேயஸ் இரண்டு முறை இருமிவிட்டு, கடைசியில் நாய்க்குட்டி மாதிரி முனகுவான். மழைக்காலத்தில் சளி நெஞ்சில் இறங்கி அவன் இறந்துபோனான். அக்கா மும்பையை விட்டு தன் ஊரான சாத்தாராவுக்குத் திரும்பிவிட்டாள்.

அடுத்த வாரம் அதே இருமல் தன்மயின் கட்டிலிலிருந்து கேட்டது. அன்று மாலையே வத்ஸலா அக்கா வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன்மயின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவளுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. தன்மயும் இறந்ததும் அவள் ஊருக்குப் போனாள். பிறகு அதே இருமல் ஜான்விக்கு வந்தபோது, அவளுக்காக வந்தாள்.

"இந்தப் பிள்ளைங்களுக்கு எதிர்ப்புச் சக்தி கிடையாதும்மா, சளி ஒட்டத்தான் செய்யும்" என்றார் டாக்டர்.

ஒவ்வொரு முறையும் அக்கா எந்தக் கட்டிலுக்குப் போகிறாள் என்று பார்ப்போம். நம்முடையது இல்லை என்று தெரிந்ததும் டப்பாவைத் திறந்து சப்பாத்தி சாப்பிடுவோம். ஜான்வியின் அம்மாவுக்கும் நான் ஊறுகாய் நீட்டினேன்.

"உனக்குத் தொண்டையில நல்லா இறங்குது, இல்ல?" என்றாள் அவள்.

இன்று மதியம் என் மகள் ஓவி இரண்டு முறை இருமினாள். முனகல் வருவதற்குள் அவள் வாயை அழுத்திப் பொத்தினேன்.

வத்ஸலா அக்கா ஏற்கெனவே ஸ்டூலோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"கைய எடுடி. என் புள்ளைக்கு மூச்சு முட்டுது."

நான் எடுக்கவில்லை. ஓவிதான் என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள்.