சுவருக்கு வைத்திருந்த கல்

‘காவிரிப் போர்’ என்ற கணினி விளையாட்டைப் பற்றி ஒரே நாளில் ஒன்பதாயிரம் கருத்துகள் வந்திருந்தன. கோவை அலுவலகத்தில் அவற்றைப் படிப்பதுதான் பூங்கோதையின் வேலை.

"எல்லாரும் ஒண்ணையேதானுங்க சார் சொல்றாங்க. கோட்டைச் சுவருக்கு வெச்சிருந்த கல்லை வீரனுகளே எடுத்துட்டுப் போய் ஆத்தோரமா நட்டு வெக்கறாங்களாம். ‘என் படைக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு’ன்னு ஒருத்தர் ஒத்தை நட்சத்திரம் குடுத்திருக்காரு."

"நாம அப்படி எதுவும் சொல்லிக் குடுக்கலியே அம்மிணி," என்றார் மேலாளர் மயில்சாமி. "அந்தக் கல்லையெல்லாம் இப்பவே அழிச்சிரு. இல்லாட்டி ஒருத்தனும் விளையாட மாட்டான்."

அழிக்கும் முன் பூங்கோதை தன் சொந்த ஆட்டத்தைத் திறந்து பார்த்தாள். ஆற்றங்கரை நெடுக நடுகற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம், அவள் வைக்காத ஒரு பெயர், இறந்த விதம். ஒன்றை வாய்விட்டுப் படித்தாள்.

"அம்பு தீர்ந்த பிறகும் பாலத்தை விடாத சாத்தன்."

அவள் குரல் இறங்கியது. "இவனை அங்க நாந்தானுங்க சார் நிறுத்துனேன். நிறுத்திட்டு டீ குடிக்கப் போயிட்டேன்."

மயில்சாமி ஒரு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "என் ஆட்டத்தைத் திற. போன வாரம் யானைப் படையை மொத்தமா விட்டுட்டேன்," என்றார்.

யானைகளுக்கும் கற்கள் இருந்தன. நாற்பது யானைகள், நாற்பது பெயர்கள். ஒரு யானையின் காலருகே அதன் பாகனையும் செதுக்கியிருந்தார்கள். ‘இது விழுந்த பிறகு ஓட மறுத்தவன்’ என்று கீழே எழுதியிருந்தது.

மயில்சாமி எழுந்து நின்று, நாற்பதையும் படித்து முடித்தார்.

"எல்லாருக்கும் பதில் எழுதிரு அம்மிணி," என்றார். "சுவருக்கு வேற கல்லு தர்றோம்னு."