இடது தோள்

காலை பதினொரு மணிக்கு அவர் சட்டையைக் கழற்றி ரெஜினாவின் மேசைமேல் வைத்தார்.

தென்னூரில் செல்போன் பழுதுபார்க்கும் கடை அவளுடையது. உள்ளே ஓர் ஆள் உட்காரலாம். பனியனோடு உட்கார்ந்தார்.

சட்டையின் வலது தோள் செத்துவிட்டது என்றார்.

நேற்றுவரை நன்றாக இருந்தது. இன்று காலை வலப்பக்கத் திருப்பங்களை அடுத்தடுத்துத் தவறவிட்டு, கொள்ளிடம் பாலம்வரை போய்விட்டார். வண்டியின் பின்னால் மருந்துப் பெட்டிகள் கட்டியபடி இருந்தன. கடைக்காரர்கள் காத்திருந்தார்கள். இனி ஒருதரம் தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லியிருந்தார்.

கொதிகலன் பட்டறையில் பாதி ஆயுளைச் சுத்தியல் சத்தத்தோடு கழித்தவர். காது போய்விட்டது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு.

வண்டி ஓட்டும்போது உதடு ஏது.

கைப்பிடியில் ஒரு சோப்பு டப்பா. சைக்கிள் டியூபை அறுத்துக் கட்டியிருந்தார். அதற்குள் செல்போன். வெயில் மறைக்க ஐஸ்கிரீம் டப்பாவின் மூடி. எல்லாம் அவர் கைவேலை. அப்படியும் பகலில் வரைபடம் கண்ணுக்குத் தெரியாது. அது சொல்கிற வழி காதில் விழாது.

அதற்குத்தான் இந்தச் சட்டை.

பழைய பட்டன் போன்களிலிருந்து அதிரும் மோட்டார்களைப் பிடுங்கி, செல்போனோடு பேசுகிற ஒரு சின்னப் பெட்டியில் இணைத்து, ரெஜினா செய்துகொடுத்தாள். தோளுக்கு ஒன்று. இடப்பக்கம் போக வேண்டுமென்றால் இடது தோள் அதிரும். வலப்பக்கம் என்றால் வலது.

மோட்டார்களை வைக்க உட்புறம் பை தைத்தது அவர். துணி, மனைவி இந்திராணியின் பழைய ரவிக்கை.

இந்திராணி உயிரோடு இருந்தவரை சட்டையும் வேண்டியிருக்கவில்லை, செல்போனும் வேண்டியிருக்கவில்லை. பின்னால் உட்கார்ந்து வருவாள். வலப்பக்கம் என்றால் வலது தோளில் ஓர் அழுத்து. இடப்பக்கம் என்றால் இடது தோளில் விரல் மடக்கி இரண்டு தட்டு.

கதவைத் தட்டுவதுபோல.

மாவு மில் சந்து வந்தால் கட்டாயம் இரண்டு தட்டு.

ரெஜினா வலது தோளின் தையலைப் பிரித்தாள். ஒயரைப் பிடித்திருந்த ஈயம் விட்டிருந்தது. பற்றவைத்தாள். மோட்டார் சுற்றியதை அவருடைய உள்ளங்கை மேசையிலிருந்து தெரிந்துகொண்டது.

பிறகு சட்டையைத் திருப்பி, இடது தோளை இழுத்தாள்.

அவர் அதன்மேல் கையை வைத்தார்.

"அத விட்ரும்மா. அது நல்லாத்தான் இருக்கு."

"ஏண்ணே, அந்தப் பக்கம் சாமி கீமி குடியிருக்கா?"

அவர் சிரிக்கவில்லை.

அவள் நிதானமாக உதட்டை அசைத்து விளக்கினாள். இரண்டு பக்கமும் ஒரே வேர்வையில்தான் ஊறுகின்றன. இன்று இது விட்டால் நாளை அது விடும். அப்புறம் மருந்தைக் கொண்டுபோய்ச் சமயபுரத்தாளுக்குத்தான் படைக்க வேண்டும்.

அவர் கையை எடுக்கவில்லை.

புதிதில் இடது தோளும் வலதைப் போலத்தான் அதிர்ந்தது. சட்டைக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல. ஐப்பசியில் ஒருநாள் மன்னார்புரம் பக்கம் நல்ல மழையில் அகப்பட்டார். சட்டை தொப்பலாக நனைந்தது.

அதற்குப் பிறகு இடது பக்கம் மாறிவிட்டது.

அதிர்வு இல்லை. தட்டு.

ஒன்று. சற்று நின்று, இன்னொன்று.

ஈரத்தில் மோட்டார் திக்குகிறது என்று நினைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சரிசெய்துவிடுவார்கள்.

ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழி. தெரிந்த வழிதான். செல்போனை அணைத்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டிருந்தார். மாவு மில் சந்து நெருங்கியது.

இரண்டு தட்டு.

வண்டியைத் திருப்பினார்.

மில் வாசலில் நின்றார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அரைக்க ஒன்றும் இல்லை. மில்காரர் மாவுத் தலையோடு எட்டிப் பார்த்து, தூக்குவாளி எங்கே என்று கையால் கேட்டார். அவர் தலையை ஆட்டிவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

இதையெல்லாம் ரெஜினாவிடம் எப்படிச் சொல்வது.

மேசையில் அவருடைய செல்போன் வெளிச்சம் காட்டியது. முதலாளி. ரெஜினா அதைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். அது அணைந்தது. மறுபடியும் வெளிச்சம் காட்டியது.

அவர் கையை எடுத்தார்.

அவள் பிளேடால் தையலை ஒவ்வொன்றாக வெட்டினாள். ரவிக்கைத் துணி விரிந்தது. இடுக்கியால் மோட்டாரை வெளியே எடுத்தாள்.

அது ஒயர் இல்லாமல் தனியாக வந்தது.

அதைத் திருப்பிப் பார்த்தாள். பைக்குள் விரலை விட்டு மிச்ச ஒயரைத் தேடி எடுத்தாள். இரண்டு முனைகளையும் விளக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மோட்டாரின் ஊசியை நகத்தால் சுண்டினாள். அசையவில்லை. துருப்பிடித்து இறுகியிருந்தது.

அவள் அவரைப் பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டுதான் பார்த்தாள்.

இழுப்பறையைத் திறந்து வேறொரு மோட்டாரைத் தேடி எடுத்தாள். சால்டரிங் அயர்னை ஈரப் பஞ்சில் துடைத்தாள். புகை எழுந்தது.

மின்விசிறிக் காற்று அவருடைய தோளில் பட்டது. இடது தோளை வலது கையால் மூடிக்கொண்டார்.

அவருக்கு உதடு தெரியும்படி அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"இது மழக்காலத்துலயே அறுந்துருக்குண்ணே. ஒயர் முனையெல்லாம் பச்ச பூத்துக் கெடக்கு. இத்தன மாசமா இதுல ஒண்ணுமே வந்துருக்காது." அயர்னைத் தூக்கிப் பிடித்தபடி நிறுத்தினாள். "சேத்து வச்சிரட்டுமா?"