நீலச் செருப்பு

நோய் எதிர்ப்பு செல்களைச் சும்மா வளர்த்துவிட முடியாது. உயிரோடு இருக்கச் சொல்லும் புரதத்தைத் தினமும் ஒரு சொட்டு விட வேண்டும். இரண்டு நாள் தவறினால் சத்தமில்லாமல் செத்துப்போகும். தரமணி ஆய்வகத்தில் மஹதி ஏழு மாதமாக அப்படித்தான் ஒரு தட்டில் அந்தச் செல்களைக் காப்பாற்றி வந்தாள்.

திங்கட்கிழமை புயல். மயிலாப்பூர் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். வாசலில் கிடந்த அவளுடைய நீலச் செருப்பு மிதந்து போனது. மூன்று நாள் அவள் வெளியே வரவில்லை.

வியாழக்கிழமை ஆய்வகத்துக்கு ஓடி வந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். செல்கள் உயிரோடு இருந்தன. பெருகியும் இருந்தன. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

பிறகுதான் தட்டின் மூடியைப் பார்த்தாள். சொட்டு விட்டதும் அதில் தேதி எழுதுவது அவள் வழக்கம். திங்கள், செவ்வாய், புதன், மூன்று தேதிகளும் அவள் கையெழுத்திலேயே இருந்தன.

வாட்ச்மேன் ஏழுமலை எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, மூணு நாளும் அந்த மழைல வந்துகினு இருந்தியே. நேத்து செருப்ப இங்கியே வுட்டுட்டுப் போய்ட்ட!"

அறைக்கு வெளியே நீலச் செருப்பு ஜோடியாக இருந்தது. மஹதிக்கு ஏனோ பயம் வரவில்லை. காலை நுழைத்தாள்.

இப்போதுதான் யாரோ கழற்றியதுபோல் கதகதப்பாக இருந்தது.